படம் வீட்டுக்கு வந்த ஞாயிறு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போடுங்கள், கணப்புப் பக்கம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாய் பதினாறு வருஷம் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்த ஒரு சேதியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

மேற்கு பெல்ஃபாஸ்டில் எங்கள் தெருவில் பதினேழாம் எண் வீடு டிம்ப்னாவுடையது. அறுபத்தெட்டு வயது. கணவன் ஹியூயி இறந்து ஐந்து வருஷம். ஒரே மகன் யூனன், நாற்பத்தொன்று, பழ மார்க்கெட்டில் பெட்டி இறக்கும் வேலை, நாலு தெரு தள்ளி ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக வாசம்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன நம் பையன்கள் அங்கே பட்டினி கிடந்து உயிர்விட்ட அந்தக் கோடையைப் பற்றி ஒரு சினிமா வந்தது. அதன் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். "நம்ம படம்" என்றால் போதும், தெரிந்துவிடும். தியேட்டரில் ஓடியபோது டிம்ப்னா போகவில்லை. முதல் வாரம் முழங்கால் வலி என்றாள். இரண்டாம் வாரம் இருமல். மூன்றாம் வாரத்தில் யாரும் கூப்பிடவில்லை. யூனனும் போகவில்லை, இருட்டுக் கொட்டகையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கோடையில் அவனும் சிறையில் ஐம்பத்தாறு நாள் சாப்பிடாமல் கிடந்ததில் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில்தான் உலகம் தெரியும். உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பான்.

தப்பித்தோம் என்று டிம்ப்னா மூச்சுவிட்டாள். மறு வருஷம், தொண்ணூற்றேழு அக்டோபரில், படம் வீடியோ கேசட்டாக வந்து, கேசட் வாடகைக்கு விடும் எங்கள் முக்குக் கடைக்குள் நுழைந்தது.

எங்கள் தெருவில் ஒரு கேசட் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தர் பெயரில் எடுத்தால் நாலு வீடு பார்க்கும். மூன்று மணிக்கு ஒரு வீடு, ஐந்து மணிக்குப் பக்கத்து வீடு, ஏழு மணிக்கு எதிர் வீடு. பின்வாசல் சந்தில் பால் கிண்ணம் கைமாறுவதுபோல் கைமாறும். அதிலும் இது நம்ம படம். கடைக்காரர் மிக்கி சுவரில் ஒரு தாளை ஒட்டிப் பெயர் எழுதச் சொன்னார். பெட்டியைப் பிரிக்கும் முன்பே போய் நின்று முதல் பெயராக எழுதியவள், முழங்கால் வலிக்காரி டிம்ப்னா.

எடுத்துப் போனவள் திருப்பித் தரவில்லை. மூன்றாம் நாள் மிக்கி கேட்டபோது, வீட்டு வீடியோ டெக் நாடாவைத் தின்றுவிட்டது, உள்ளே சிக்கியிருக்கிறது, ஆள் வந்து எடுக்க வேண்டும் என்று சொன்னாள். மிக்கி வரவழைத்த இரண்டாவது பிரதி நாலு வீட்டைச் சுற்றி வந்ததும் அதையும் எடுத்துப் போனாள். முதல் கேசட் சிக்கிய டெக்கில் இரண்டாவதை எப்படிப் பார்க்கப் போகிறாள் என்று மிக்கிக்குக் கேட்கத் தோன்றவில்லை. நல்ல மனுஷர், கணக்கில் கொஞ்சம் மந்தம்.

அவள் பயந்தது எதற்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தொன்றாம் வருஷம். கைதி உடை உடுத்த மாட்டோம், நாங்கள் திருடர்களில்லை என்று தொடங்கிய சண்டை, பட்டினியில் வந்து நின்றது. யூனனுக்கு அப்போது இருபத்தைந்து. ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்த அந்தப் பட்டினியில் அவன் முறை வருமுன்பே பலர் மாண்டு, சவப்பெட்டிகள் எங்கள் சாலை வழியே போய்விட்டன. அவன் சாப்பாட்டை நிறுத்திய நாற்பதாம் நாள் போல அம்மாவும் அப்பாவும் சிறை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எனக்கு நினைவு தப்பினால் மருந்தேற்றிப் பிழைக்கவைக்கச் சம்மதம் கேட்டு டாக்டர் உங்களிடம் பத்திரம் நீட்டுவார், கையெழுத்துப் போடாதீர்கள் என்று யூனன் கேட்டான். ஹியூயி மாட்டுத் தரகர் குடும்பம், டைரோன் மாவட்டத்து மாட்டுச் சந்தைகளில் வளர்ந்தவர். அங்கே பேரம் முடிந்தால் உள்ளங்கையில் துப்பி, எதிராளியின் கையில் அறைவார்கள். அதற்குப் பிறகு வானம் இடிந்தாலும் பேச்சு மாறக் கூடாது. ஹியூயி கையில் துப்பினார். எலும்பாய்க் கிடந்த மகன் கையில் மெதுவாக வைத்தார். டிம்ப்னா எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போர்வை ஓரத்தைச் செருகிக்கொண்டே இருந்தாள்.

ஐம்பத்தாறாம் நாள் நினைவு தப்பியது. கையெழுத்துப் போட்டது டிம்ப்னா. ஹியூயி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார், உள்ளேயே வரவில்லை.

பிழைத்து எழுந்தவன் முதல் சந்திப்பில் கேட்ட முதல் கேள்வி, யார் போட்டது என்பதுதான். அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார், "நான்." அன்றோடு யூனன் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினான். எட்டு வருஷம் கழித்து விடுதலையாகி வந்த பிறகும் பேசவில்லை. ஹியூயி இறந்தபோது பெட்டி தூக்க முன்பக்கத் தோளுக்கு மகனைத்தான் எல்லாரும் தேடினார்கள். அவன் எதிர் நடைபாதையில் மழையில் நின்றான், சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கவில்லை. இப்படி ஒரு மகனா என்று தெருவே பார்த்தது. டிம்ப்னாவும் பார்த்தாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்புறம் எப்படி அந்த ரகசியம் சினிமாவுக்குப் போயிற்று என்கிறீர்களா? படம் எடுக்கும் முன்பு டப்ளினிலிருந்து ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் சமையலறையில் தாய்மாரை உட்கார வைத்துப் பேசினாள். நல்ல பெண், கேட்கத் தெரிந்தவள். பெயர் வராது என்று சொன்னாள். டிம்ப்னா வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது. விரலில் செபமாலை சுற்றியிருந்ததையும், அது பத்திரத்தின் மேல் விழுந்து கையெழுத்தை மறைத்ததையும்கூடச் சொல்லிவிட்டாள். ஃபிலோமினாவுக்கு விஷயம் தெரிந்தது அன்றுதான். இரண்டு வருஷம் அதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்றால், அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

கேசட் கைக்கு வந்த மறுநாள் காலை, திரையை இழுத்துவிட்டு டிம்ப்னா தனியாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. வராந்தா. சுவரைப் பார்த்த ஆள். செபமாலை. அந்த இடத்தோடு நிறுத்தி, கேசட்டை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

சனிக்கிழமை சோடா ரொட்டி சுட மாவு கடன் கேட்டு வந்த ஃபிலோமினா, உரிமையாக டப்பாவைத் திறந்து கையைவிட்டாள். ஒன்றல்ல, இரண்டு கேசட் வந்தது.

"டெக்கு தின்னுடுச்சுன்னு சொன்னே," என்றாள். "உன் மாவு டப்பாவுக்கு எப்படி பல்லு முளைச்சுது?"

டிம்ப்னா கதவைச் சாத்தினாள். கடையில் மூன்றாவது கேசட் வந்தால் என்ன செய்வாய், அதற்கு ரொட்டி டப்பாவா என்று ஃபிலோமினா கேட்டாள். தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் மிக்கியைத் திட்டுகிறார்கள், மிக்கி உன் டெக்கைத் திட்டுகிறார், பாவம் அந்த டெக் என்ன செய்யும் என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, யூனனால் தனியாகப் பார்க்க முடியாது டிம்ப்னா, யாராவது சொன்னால்தானே தெரியும் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் டிம்ப்னாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்த உயிர் சாயங்காலம்வரைதான் இருந்தது. யூனன் போன் செய்தான். டவுனில் கேசட் வாங்கிவிட்டானாம், சொந்தமாக. நாளைக்கு சர்ச்சில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றான்.

"நீ பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு சொல்லும்மா. கடைசி நாளெல்லாம் எனக்கு நெனவே இல்ல. அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். வேற யாரும் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

ஞாயிறு மதியம். வேகவைத்த பன்றித் தொடைக்கறி, முட்டைக்கோஸ், வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு. டிம்ப்னா துணைக்கு ஃபிலோமினாவையும் அழைத்திருந்தாள். யூனன் எப்போதும்போலத் தட்டை வழித்துச் சாப்பிட்டான். சிறையிலிருந்து வந்த நாளாக அவன் தட்டில் ஒரு துணுக்கும் மிஞ்சியதில்லை. அம்மா இரண்டாம் முறை பரிமாறினாள். ஆப்பிள் பணியாரம் வைத்தாள். இன்னொரு கோப்பை தேநீர் என்றாள். பாத்திரத்தை முதலில் கழுவிவிடலாமே என்றாள்.

"பாத்திரம் எங்கயும் ஓடிடாதும்மா," என்றான் அவன்.

நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, தலையை ஒருக்களித்து உட்கார்ந்தான். கேசட் உள்ளே போயிற்று. வெளியே தூறல். கூரைக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே நின்று இரைந்துகொண்டிருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் மோசமில்லை. பேச்சுக் காதில் விழுகிற இடங்களில் அவனுக்கு யாரும் தேவைப்படவில்லை. இருட்டுக் காட்சிகளில் மட்டும், இது யார், எங்கே நிற்கிறான் என்று கேட்டான். டிம்ப்னா சொன்னாள். காவலாளி கதவைத் திறக்கிறான். பையன் படுத்திருக்கிறான். அம்மாக்காரி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அவள் குரல் சரியாகத்தான் வந்தது. மடியில் இருந்த கைகளைத்தான் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். சிறைச் சாப்பாட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் காட்சியில் யூனன் லேசாகச் சிரித்தான். உருளைக்கிழங்கு வறுவல் இவ்வளவு அழகாக என்றைக்குமே வந்ததில்லை, நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திய பிறகுதான் அவர்களுக்குச் சமையல் வந்தது என்றான். ஃபிலோமினா மட்டும் சிரித்தாள்.

பிறகு டாக்டரின் குரல் வந்தது. நினைவு தப்பிவிட்டது, இனி மணிக்கணக்குதான். பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. எடுத்தவர்கள் அந்த இடத்தை ஊமையாக விட்டிருந்தார்கள். சுவருக்குள் வெந்நீர்க் குழாய் தட்டும் சத்தம் மட்டும். மங்கலான வராந்தா, ஒரு ஆளின் முதுகு. அப்புறம் மேசை, காகிதம், ஒரு கை.

யூனன் திரைக் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கினான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். பேனா கீறுவது கேட்டது.

"யாரு அது?" என்றான். "அம்மா, யாரு போடறாங்க?"

டிம்ப்னா திரையில் இருந்த கையைப் பார்த்தாள். சொல்வதற்குச் சுலபமான பதில் இருந்தது. அவன் அதைத்தான் எதிர்பார்த்திருந்தான். அவனால் சரிபார்க்கவும் முடியாது.

"அப்பன்தாம்பா," என்றாள் ஃபிலோமினா, டிம்ப்னாவைப் பார்க்காமல். "வேற யாரு."

யூனன் நாற்காலியில் சாய்ந்தான். எதையோ உறுதிப்படுத்திக்கொண்டவன்போல மூச்சுவிட்டான். "துப்பிக் கை கொடுத்துட்டு," என்றான் திரையைப் பார்த்து, மெதுவாக. "ரெண்டு வாரம். ரெண்டே வாரம் நிக்க முடியல அந்தக் கோழைக்கு."

டிம்ப்னா அதைக் கேட்டாள். தப்பித்தாயிற்று. இனி எப்போதும் யாரும் கேட்கப் போவதில்லை. ஃபிலோமினாவின் கை அவள் முழங்கையைப் பிடித்து அமுக்கியது, பேசாமல் இரு என்று. தலைமேல் நின்ற ஹெலிகாப்டர் எப்போதோ போய்விட்டிருந்தது.

"இல்ல," என்றாள் டிம்ப்னா. "அது பொம்பளக் கை. வெரல்ல செபமாலை சுத்தியிருக்கு."

யூனன் திரும்பவில்லை.

"படத்தை விடு. நெசத்துலயும் நான்தான் போட்டேன், யூனா. உங்க அப்பா போடல."

திரையில் யாரோ அழத் தொடங்கினார்கள். யூனன் ரிமோட்டைத் தடவி எதையோ அழுத்தினான். கேசட் நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி திடீரென்று முழுச் சத்தத்தில் பாய்ந்தது, தொப்பி வைத்த ஒரு கூட்டம் வாயகலத் துதி பாடியது. ஃபிலோமினா எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்தாள். குறைத்த பிறகும் கூட்டம் வாயசைத்துக்கொண்டே இருந்தது.

யூனன் கேட்டான். "கை கொடுத்தாரே?"

"கொடுத்த கையை அவரு திருப்பிக்கல. நான் கால்ல விழுந்து கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. அவன் கையில வச்ச கை இது, பேனா புடிக்காதுன்னாரு. வராந்தாவுல போயி நின்னுட்டாரு."

"அப்புறம் ஏன் தான் போட்டேன்னு சொன்னாரு?"

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் தானும் அதையே கேட்டதை டிம்ப்னா சொன்னாள். இன்னும் எட்டு வருஷம் அவன் உள்ளே கிடக்க வேண்டும், அவனுக்கு வீடு என்றால் நீதான், அதை அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று ஹியூயி சொன்னாராம். என்மேல் கோபப்பட்டால் அவன் தாங்குவான், உன்மேல் கோபப்பட்டால் தாங்க மாட்டான் என்றாராம். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"நீ வெளிய வந்ததும் நான் சொல்லியிருக்கலாம்னு நெனப்பே," என்றாள். "அவரு சாவுக்காவது சொல்லியிருக்கலாம். நீ எதிர்ப்பக்கம் நின்னப்ப எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு போயிட்டாரு, இனி நீயும் போயிட்டா எனக்கு யாருமில்லைன்னு பயந்துட்டேன். கையெழுத்துக்கு உங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன், இன்னைக்கு நீட்டினாலும் போடுவேன். அவரை நீ வெறுக்க விட்டேனே, அதுக்குத்தான் கேக்கறேன்."

யூனன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடைக்குப் போய்க் கோட்டை மாட்டுவது கேட்டது. முன்கதவு திறந்தது. மழைச் சத்தம் வீட்டுக்குள் வந்தது.

"போறான்," என்றாள் ஃபிலோமினா, உதட்டை மட்டும் அசைத்து. "போயித் தடுடி."

டிம்ப்னா அசையவில்லை. பதினாறு வருஷம் தடுத்துவைத்தாயிற்று. குளிர்காற்று கணப்பு நெருப்பைப் படுக்கவைத்தது. தெருவில் ஒரு கார் தண்ணீரைச் சீய்த்துக்கொண்டு போயிற்று. அவள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள், அவன் படி இறங்க எத்தனை நொடி, முக்குத் திரும்ப எத்தனை நொடி என்று.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்தா, வெளியே இருந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடையில் காலடிச் சத்தம். யூனன் அறை வாசலில் வந்து நின்றான். கோட்டுப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது, தலைமயிர் நனைந்திருந்தது.

"உங்கிட்ட எனக்குப் பேச நெறைய இருக்கு," என்றான். "நல்லதா இருக்காது. இன்னைக்கு வேண்டாம்."

"சரி," என்றாள் டிம்ப்னா.

"டேப்பைத் திருப்பு."

"எங்கேருந்து?"

"அவரு வராந்தாவுல நிக்கிற எடத்துலேருந்து."

ஃபிலோமினா முந்திக்கொண்டு கேசட்டைப் பின்னோக்கி ஓடவிட்டாள். மேசை, காகிதம், கை எல்லாம் பின்வாங்கின. வராந்தா வந்ததும் நிறுத்தினாள். படம் கோடுகோடாக நடுங்கி நின்றது.

யூனன் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கு முட்டுமளவு போனான். தலையை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். "எங்க நிக்கிறாரு? எனக்குச் சாம்பல் மட்டும்தான் தெரியுது."

டிம்ப்னா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். அவன் சுட்டுவிரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்து, தலையிலிருந்து தோள்வழியாகக் கீழே வரைந்து காட்டினாள்.

"இவன் உயரமா இருக்கான்," என்றாள். "உங்க அப்பா இவ்வளவு உயரமில்ல. தோளும் இப்படி நேரா நிக்கல, எடது பக்கம் எறங்கியிருந்துச்சு. கோட்டுக்குள்ள ரெண்டு கையையும் கக்கத்துல செருகிக்கிட்டு நின்னாரு. தொப்பியைக் கழட்டவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வெளிய வந்தேன்."

அவள் விரலை விட்டுவிட்டாள். அவன் எடுக்கவில்லை. கோடுகோடாக நடுங்கிக்கொண்டிருந்த அந்த முதுகின்மேல் அவன் விரல் அப்படியே இருந்தது.

"நிறுத்தாத," என்றான். "நீ சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

ஃபிலோமினா சத்தமில்லாமல் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். டிம்ப்னா சொல்லத் தொடங்கினாள்.

உங்கள் வீட்டில், என் கண்ணுகளா, யாருடைய பழியையும் யாரும் சுமக்காமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு வாசல்வரை போனவர்கள் திரும்பி உள்ளே வரட்டும். உங்கள் கணப்பு கதகதவென்று எரியட்டும், தட்டுகள் நிறைந்திருக்கட்டும், இருக்கும்போதே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெளிவாகத் தெரியட்டும்.